முதலில் பொருள், அப்புறம் வினை: தமிழ் உரை வேலைகளுக்கு லாஞ்சரைப் பழக்கிய அனுபவம்

தமிழ்க் கட்டுரைகளையும் கதைகளையும் மெய்ப்பு பார்த்து அச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. ஒரு நாளில் இருபது முப்பது கோப்புகள் கைக்கு வந்து போகும். ஒவ்வொன்றிலும் அதே சில்லறை வேலைகள்தான். கோப்புக்கு ஒழுங்கான பெயர் வைக்க வேண்டும். பிடிஎஃபிலிருந்து எடுத்த உரையில் உடைந்த வரிகளைச் சேர்க்க வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் வந்ததை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். சொற்களை எண்ணிச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போதும். ஆனால் அந்த அரை நிமிடத்தில், வாசித்துக்கொண்டிருந்த வாக்கியம் மனதை விட்டு நழுவிவிடும். திரும்பிவந்து பத்தியை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். நேரம் போவதைவிட இதுதான் எனக்குப் பெரிய இழப்பாகப் பட்டது.

மேக்கில் ஆல்ஃபிரட் என்ற லாஞ்சரைத்தான் பயன்படுத்துகிறேன். இரண்டு வருடமாக அதைச் செயலிகளைத் திறக்க மட்டுமே வைத்திருந்தேன். ஆப்ஷன் விசையோடு ஸ்பேஸைத் தட்டினால் ஒரு பெட்டி வரும், பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் செயலி திறக்கும். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதில் ஒர்க்ஃப்ளோ என்று ஒரு பகுதி உண்டு. பணம் கட்டிப் பெறும் பவர்பேக் இருந்தால்தான் அது திறக்கும். ஒரு குறுக்குவிசையையும், ஸ்கிரிப்ட் எனப்படும் ஒரு சிறு நிரலையும் கோடு போட்டு இணைப்பதுபோல இணைத்துவிட்டால், விசையைத் தட்டும்போதெல்லாம் அந்த ஸ்கிரிப்ட் ஓடும்.

இந்த வகைச் செயலிகளில் எனக்குப் பிடித்துப்போன ஒரு எண்ணம், 2003இல் மேக்கில் வந்த குவிக்சில்வர் என்ற லாஞ்சரின் காலத்திலிருந்தே இருக்கிறது. முதலில் பொருளைக் காட்டு, அப்புறம் அதை என்ன செய்ய வேண்டும் என்று சொல். நாம் பேசுகிற வரிசையே இதுதான்: கோப்பைத் திற, வரியைச் சேர், பெயரை மாற்று. பொருள் முதலில், வினை கடைசியில். கட்டளைகளை எழுதி வேலை வாங்கும் டெர்மினலில், கட்டளையை முதலில் அடித்துவிட்டுப் பிறகு கோப்பின் பெயரைத் தேடுவது எனக்கு எப்போதுமே தலைகீழாகத்தான் தெரிந்தது. வேண்டிய பத்தியை மவுஸால் தேர்ந்தெடுத்து, ஒரு விசையைத் தட்டி, அதே இடத்தில் திருத்திய பத்தி வந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஐந்து கேள்விக்குறிகள்

முதலில் எடுத்தது உரையைச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட். தேர்ந்தெடுத்த உரை கிளிப்போர்டுக்குப் போகும். அங்கிருந்து பிபிபேஸ்ட் கட்டளை எடுத்துக் கொடுக்கும். பைத்தான் மொழியில் எழுதிய நிரல் அதைத் திருத்தி, மறுபடி கிளிப்போர்டில் வைக்கும் பிபிகாப்பி கட்டளையிடம் தள்ளும். டெர்மினலில் ஓட்டிப் பார்த்தேன், அழகாக வேலை செய்தது. அதையே ஆல்ஃபிரட்டில் வைத்து விசையைத் தட்டினால் உரை இருந்த இடத்தில் வரிவரியாகக் கேள்விக்குறிகள்.

எங்கே தவறு என்று பிடிக்க, ‘தமிழ்’ என்ற ஒரே சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டினேன். ஐந்து கேள்விக்குறிகள் வந்தன. அந்த ஐந்து என்ற எண்தான் வழி காட்டியது. நம் கண்ணுக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். யூனிகோட் குறிகளாக எண்ணினால் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பைட்டுக்கு ஒன்றாக வந்திருந்தால் 15 குறிகள் வந்திருக்கும். ஐந்து வந்ததால், யாரோ உரையைச் சரியாகப் படித்துவிட்டு, ‘எனக்குத் தெரிந்த எழுத்துப் பட்டியலில் இவை இல்லை’ என்று ஒவ்வொரு குறியின் இடத்திலும் கேள்விக்குறி வைக்கிறார்கள் என்று புரிந்தது.

காரணம் எளிமையானது. டெர்மினல் திறக்கும்போது மொழி, குறியாக்க அமைப்புகளை, ஓடும் நிரல்கள் பார்த்துக்கொள்ளும் சூழல் மாறிகளில் தானே எழுதிவைக்கிறது. வேறொரு செயலிக்குள்ளிருந்து ஓடும் ஸ்கிரிப்டுக்கு அந்தச் சூழல் கிடைப்பதில்லை. அப்போது பிபிபேஸ்ட் வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்ததுபோல நடந்துகொள்கிறது. ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘லேங்’ என்ற சூழல் மாறியை யூடிஎஃப்-8 என்று முடியும் மதிப்புக்கு வைத்தேன். கேள்விக்குறிகள் போய்விட்டன. தமிழில் உரை வேலை செய்பவர்கள் லாஞ்சரில் எந்த ஸ்கிரிப்ட் எழுதினாலும் இந்த வரியை முதலில் எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

இதே வகையில் இன்னொன்று: நிரல்களை எந்த இடங்களில் தேட வேண்டும் என்று சொல்லும் பாத் என்ற மாறியும் லாஞ்சருக்குள் சுருங்கியிருக்கும். தனியாக நிறுவிய நிரல்கள் டெர்மினலில் கிடைக்கும், லாஞ்சரில் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பிழை வரும். நிரலின் முழு முகவரியையும் எழுதிவிட்டால் தீர்ந்தது. பைத்தானுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2022 மார்ச்சில் வந்த மேக்ஓஎஸ் 12.3 முதல் பைத்தான் 2.7 கணினியோடு சேர்ந்து வருவதில்லை. எந்தப் பைத்தான், எங்கே இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரே மாதிரி தெரியும் இரண்டு ‘கொ’

அடுத்து வந்த சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. ஒரு நூலின் கோப்பில் ‘தொகுப்பு’ என்று தேடினேன். ஒன்றுமில்லை என்றது. ஆனால் திரையில் என் கண் முன்னால் அந்தச் சொல் இருக்கிறது.

ஒகரக் குறிக்கு யூனிகோடில் தனிக் குறியெண் ஒன்று உண்டு. அதையே எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ஓகாரமும் ஔகாரமும் அப்படியே. திரையில் இரண்டும் ஒன்றேபோல வரும். தேடலுக்கு மட்டும் வேறு வேறு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்க அந்தச் செயலி தனியாக முயற்சி எடுத்தால் தவிர. மேக்கில் கோப்புப் பெயர்களை ஸ்கிரிப்டுக்குள் வாங்கிப் பார்த்தபோது, எனக்கு வந்தவை பெரும்பாலும் பிரிந்த வடிவில்தான் இருந்தன. நான் விசைப்பலகையில் அடிப்பதோ சேர்ந்த வடிவம். அதனால்தான் சொல் கண் முன்னால் இருந்தும் சிக்கவில்லை.

பைத்தானில் யூனிகோட்டேட்டா என்ற தொகுதி கூடவே வருகிறது. அதில் என்எஃப்சி என்ற சீரமைப்பைச் சொன்னால் பிரிந்தவை எல்லாம் சேர்ந்த வடிவத்துக்கு வந்துவிடும். ஒரே வரி. அதுவும் எல்லா இடத்திலும் போதவில்லை. சில பழைய மாற்றிகளின் வழியாக வந்த உரைகளில் கால் முதலிலும் கொம்பு அடுத்தும் இருக்கின்றன. அந்த வரிசையை என்எஃப்சி தொடாது, அப்படியே விட்டுவிடும். அந்த இரண்டு குறிகளும் தலைகீழாக வரும் இடங்களைத் திருப்பிப் போட இன்னொரு வரி சேர்த்தேன். அதை என்எஃப்சிக்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் வைத்தால் பயனில்லை.

இதுவரை எல்லாம் பொறியின் வேலை. அடுத்தது அப்படி இல்லை.

‘கௌரவம்’ என்று எழுத வேண்டியதைப் பலர் ககரத்தில் கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை அடித்து ‘கெளரவம்’ என்று எழுதுகிறார்கள். மெளனம், பெளர்ணமி, செளந்தரம் எல்லாம் இப்படியே வருகின்றன. கொம்புக்குப் பின் உயிர்க்குறியும் புள்ளியும் இல்லாத வெறும் ளகரம் வந்தால் அது ஔகாரம் என்று ஒரு விதி எழுதினேன். தெளிவு, வெள்ளம், கெளுத்தி ஆகியவற்றில் ளகரத்தின்மேல் குறியோ புள்ளியோ இருப்பதால் அவை தப்பித்துக்கொள்ளும். ஒரு கட்டுரையில் ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிழைகூட இல்லை. நல்ல விதி என்று நம்பிவிட்டேன்.

அடுத்த நாள் ஒரு சிறுகதை. அதில் பாத்திரங்கள் பேச்சுத்தமிழில் பேசுகிறார்கள். ‘கெளம்பிட்டான்’ என்று எழுத்தாளர் எழுதியது ‘கௌம்பிட்டான்’ ஆகிவிட்டது. ‘வெளங்கல’ என்பது ‘வௌங்கல’ ஆனது. நல்லவேளை, கதையை வரிவரியாக வாசிக்கும்போது கண்ணில் பட்டது. ஓர் எழுத்தாளர் காதால் கேட்டு எழுதியதை என் விதி எடுத்துவிட்டது. அது எனக்கு மிகவும் உறுத்தியது. அன்றே அந்த விதியை நீக்கிவிட்டு, அறுபது எழுபது சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் வைத்தேன். அதில் இருக்கும் சொற்களை மட்டும் ஸ்கிரிப்ட் மாற்றும். புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் நானே பட்டியலில் சேர்ப்பேன். வேகம் குறைவுதான். ஆனால் இப்போது எந்தக் கதையிலும் பயமில்லாமல் விசையைத் தட்ட முடிகிறது.

கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளிலும் இதே கவனம் வேண்டியிருந்தது. இணையத்திலிருந்தும் பிடிஎஃபிலிருந்தும் எடுக்கும் உரையில் அகலமே இல்லாத இடைவெளி, மறைந்திருக்கும் இணைகோடு எல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நீக்கிவிடலாம். அகலமில்லா இணைப்புத்தடை என்ற குறியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது. ‘ரிக்‌ஷா’ என்று ககர மெய்யையும் ஷகரத்தையும் தனித்தனியாகக் காட்ட விரும்புகிறவர்கள் அதைத்தான் நடுவில் வைக்கிறார்கள். அதை எடுத்தால் இரண்டும் கூட்டெழுத்தாகிவிடும். அந்த இரண்டுக்கும் நடுவே இருந்தால் விட்டுவிடு, வேறு எங்கிருந்தாலும் நீக்கு என்று எழுதினேன்.

உடைந்த வரிகளைச் சேர்ப்பது எளிது. வெற்று வரி இருந்தால் அங்கே பத்தி முடிகிறது, இல்லையென்றால் அடுத்த வரியோடு சேர். கவிதைக்கு இது ஆகாது. கவிதைப் பக்கங்களைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் போதும்.

பாமினியும் தேர்ந்தெடுத்தலும்

தேர்ந்தெடுத்த பகுதியில் மட்டும் வேலை செய்வது எவ்வளவு நல்லது என்று எனக்கு முழுமையாகப் புரியவைத்தது பாமினி எழுத்துருதான்.

பாமினியில் எழுதிய கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அவற்றின்மேல் தமிழ் உருவங்களை எழுத்துரு போர்த்தியிருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் ‘அம்மா’ போய், சிறிய எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து குறிகள் நிற்கும். மாற்றுவதற்கு ஒரு அட்டவணை போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பாமினி கண்ணால் பார்க்கும் வரிசையில் எழுதுகிறது. தட்டச்சுப் பொறிபோல முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் எழுதுகிறது: முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. எனவே ஒவ்வொரு குறியாக மாற்றினால் கொம்பு முந்திய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

நீளமானதை முதலில் மாற்ற வேண்டும். கொம்பு, ககரம், கால் மூன்றும் சேர்ந்து வரும் இடத்தை முதலில் ‘கொ’ ஆக்க வேண்டும். பிறகு கொம்பும் ககரமும் வரும் இடம் ‘கெ’. கடைசியாகத் தனிக் ககரம். எல்லா மெய்களுக்கும் இந்த வரிசையில் அட்டவணையை நீளப்படி அடுக்கிவிட்டால் முடிந்தது. அடுக்குவதை ஸ்கிரிப்டே செய்துகொள்ளும், கையால் அடுக்கத் தேவையில்லை.

பெரிய சிக்கல் வேறு. கட்டுரைக்கு நடுவே ஓர் ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதுவும் அதே குறியெண்களில்தான் இருக்கிறது. கோப்பை மொத்தமாக மாற்றினால் ஆங்கிலப் பெயரும் தமிழ் எழுத்துகளாகிப் பொருளில்லாமல் நிற்கும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று வெறும் உரையை வைத்து நிரலால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கோ பார்த்ததும் தெரியும். கட்டுரையைத் திறந்து, ஆங்கிலப் பெயர் வரும் வரை தேர்ந்தெடுத்து ஒரு தட்டு. அதற்கு அடுத்ததிலிருந்து பத்தி முடியும் வரை இன்னொரு தட்டு. ஒரு பத்திக்கு இரண்டு மூன்று தட்டுகள். எதை மாற்ற வேண்டும் என்று நான் முடிவு செய்கிறேன், எப்படி மாற்ற வேண்டும் என்று ஸ்கிரிப்டுக்குத் தெரிந்திருக்கிறது. முழுக் கோப்பையும் ஒரே அடியில் மாற்றும் கருவிகளை வைத்துக்கொண்டு பிறகு மணிக்கணக்கில் பிழை தேடிய நாட்களை நினைத்தால் இது எவ்வளவு நிம்மதி!

பெயர் மாற்றப் போய்க் கோப்பு போனது

கோப்புகளுக்கு நான் வைக்கும் பெயர் எப்போதும் ஒரே அமைப்பு: ஆண்டு, மாதம், நாள், அடுத்து ஒரு சிறு தலைப்பு, கடைசியில் இரண்டு இலக்க வரிசை எண். ஆண்டை முன்னால் வைத்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் கோப்புகளைத் தேர்ந்தெடுத்து விசையைத் தட்டினால், ஆல்ஃபிரட் தலைப்பைக் கேட்கும், நான் அடித்து என்டர் தட்டுவேன், ஸ்கிரிப்ட் பெயர் மாற்றும். பல கோப்புகளைத் தேர்ந்தெடுத்தால் எல்லா முகவரிகளும் டேப் குறியால் பிரிக்கப்பட்டு ஒரே சரமாக வருகின்றன. இடைவெளியில் பிரித்தால் பெயருக்குள் இடைவெளி உள்ள கோப்புகள் உடையும், டேப்பில் மட்டும் பிரிக்க வேண்டும்.

மூன்று வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் காலை ஒரு கட்டுரைக்குப் பெயர் வைத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து திருத்தினேன். மதியம் அதே ஆசிரியரிடமிருந்து கூடுதலாக ஒரு பகுதி வந்தது. அதையும் அதே ஃபோல்டரில் போட்டு, அதே தலைப்பு கொடுத்து விசையைத் தட்டினேன். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் வரிசை எண்ணை 01இலிருந்து தொடங்கியது. 01 என்று ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தது. பெயர் மாற்றும் எம்வி கட்டளை எதுவும் கேட்காமல் புதியதைப் பழையதன் மேல் எழுதிவிட்டது. குப்பைத்தொட்டியில் பார்த்தேன், இல்லை. இந்த வழியில் போகும் கோப்பு அங்கே வராது. காப்புப் பிரதியில் முந்தைய இரவின் வடிவம்தான் இருந்தது. மூன்று மணி நேர வேலையை மறுபடி செய்தேன்.

அன்று மாலை அந்த ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதினேன். இப்போது அது முதலில் எதையும் தொடாது. பழைய பெயர் எது, புதிய பெயர் எது என்று ஆல்ஃபிரட் பெட்டியில் பட்டியலாகக் காட்டும். நான் என்டர் தட்டிய பிறகுதான் மாற்றும். வரிசை எண் அந்த ஃபோல்டரில் இருக்கும் கடைசி எண்ணுக்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். மாற்றும் நொடியில் அந்தப் பெயரில் கோப்பு இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இந்த ‘இருந்தால்’ என்பதிலும் முன்பு சொன்ன ஒகரம் வந்து நின்றது. ஃபோல்டரில் உள்ள பெயர்களைப் பட்டியலாக எடுத்து, என் புதிய பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ‘தொகுப்பு’ ஒன்றில் பிரிந்த வடிவம், இன்னொன்றில் சேர்ந்த வடிவம், ஆகவே வேறு வேறு என்று ஸ்கிரிப்ட் சொன்னது. ஆனால் மேக்கின் ஏபிஎஃப்எஸ் கோப்பு அமைப்புக்கு இரண்டும் ஒரே பெயர். சோதனைக் கோப்புகளை வைத்துப் பார்த்ததால் பிடிபட்டது. இப்போது பட்டியலை ஒப்பிடுவதில்லை, இந்த முகவரியில் கோப்பு இருக்கிறதா என்று கோப்பு அமைப்பிடமே கேட்டுவிடுகிறேன்.

கூடவே ஒரு பதிவுக் கோப்பும் வைத்தேன். ஒவ்வொரு பெயர் மாற்றமும் நேரத்தோடு, பழைய முகவரி, புதிய முகவரி என்று ஒரு வரியாக அதில் சேரும். ‘மீள்’ என்று ஆல்ஃபிரட்டில் அடித்தால் கடைசித் தொகுதியைப் பின்னாலிருந்து முன்னாலாகத் திருப்பும். பின்னாலிருந்து என்பது முக்கியம். ஒரு கோப்பு விட்ட பெயரை இன்னொரு கோப்பு எடுத்திருந்தால், முன்னாலிருந்து திருப்பும்போது இரண்டும் மோதும்.

விட்டுவிட்டவை, வைத்துக்கொண்டவை

ஒரு ஃபோல்டரில் கோப்பு விழுந்ததும் தானே எல்லாவற்றையும் செய்யும் ஏற்பாடு ஒன்றையும் கட்டிப் பார்த்தேன். பத்து நாளில் கழற்றிவிட்டேன். கவிதை வந்தாலும் வரி சேர்த்தது, பாதி இறங்கிய கோப்பையும் எடுத்துப் பெயர் மாற்றியது. என் கண் படாமல் நடக்கும் எதுவும் உரை வேலைக்கு ஒத்துவரவில்லை.

எழுத்து எண்ணும் ஸ்கிரிப்ட் சின்னது, ஆனால் தினமும் பயன்படுகிறது. குறிகளின் மொத்த எண்ணிக்கையிலிருந்து உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் கழித்தால் நாம் எண்ணும் எழுத்துகள் கிடைக்கும். ‘தமிழ்’ மூன்று என்று வரும். கூட்டெழுத்தான க்ஷகரத்தை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், இல்லையென்றால் அது இரண்டாகிவிடும்.

ஸ்கிரிப்டுகள் எதையும் ஆல்ஃபிரட்டுக்குள் எழுதி வைக்கவில்லை. எல்லாம் தனி ஃபோல்டரில் தனித்தனிக் கோப்புகள். உரையை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கும் சிறு நிரல்கள். ஆல்ஃபிரட்டில் இருப்பது விசையும் முகவரியும்தான். நண்பர் ஒருவர் லினக்ஸில் உலாஞ்சர் என்ற லாஞ்சர் வைத்திருக்கிறார். சுத்தம் செய்யும் ஸ்கிரிப்டை அப்படியே கொடுத்தேன். கிளிப்போர்டைத் தொடும் இரண்டு வரிகளை மட்டும் அவர் மாற்ற வேண்டியிருந்தது. ஔகாரச் சொற்பட்டியலையும் எடுத்துக்கொண்டார்.

நேற்று அவர் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார், பதினெட்டுச் சொற்களைக் கூட்டி. ஒவ்வொன்றையும் அகராதியில் பார்த்துவிட்டு என் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.